இருமல் நின்றதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தின் பெரும்பகுதி, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து பத்து மாதமான உங்கள் தந்தையாரின் வாய் வறட்சியைப் பற்றியது. என் கண் நின்றதோ, ஆறுதலாகக் கடைசியில் சேர்த்திருக்கும் வரிகளில்: “முன்பு தண்ணீர் குடித்தால் புரையேறும், ஒரு மாதமாக இருமல் இல்லை. நடுவில் இரண்டு முறை காய்ச்சல் வந்தது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.”

கதிர்வீச்சு தொண்டைத் தசைகளை நாளடைவில் இறுகச் செய்வதோடு அங்குள்ள உணர்வையும் மழுங்கடிப்பதுண்டு; அப்படி மழுங்கிய தொண்டையில் தண்ணீரோ கஞ்சியோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் எழாது. சத்தமில்லாமல் நுரையீரலில் சேரும் அந்தத் தண்ணீர் நிமோனியாவில் கொண்டுபோய் விடும், அந்த இரண்டு காய்ச்சலும் அதுவாக இருக்கலாம். மெடிக்கல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், காய்ச்சலை அடக்குமே தவிர வழிமாறி இறங்கும் தண்ணீரைத் தடுக்காது. அவர் தண்ணீர் குடித்தவுடன் பேசுவதைக் கேளுங்கள். குரல் கொளகொளவென்று ஈரமாக ஒலித்தால் சந்தேகம் வலுக்கிறது, ஒலிக்காவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, சிகிச்சை பெற்ற இடத்துக்கோ அழைத்துச் சென்று, இருமல் நின்றதையும் காய்ச்சல் வந்ததையும் முதலில் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயும், விழுங்கும்போதே திரையில் பார்க்கும் பேரியம் பரிசோதனையோ மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பதோ தேவைப்படும். அதுவரை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, பேசாமல் குடிக்கட்டும். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். தலையைப் பின்னால் சாய்க்கும்போது மூச்சுப்பாதை வாகாகத் திறந்துகொள்வதால் அவருக்கு அது ஆகாது. மறுபடி காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் வெளிநோயாளர் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே கூட்டிச் செல்லுங்கள்.

நோய் திரும்பிவிட்டதோ என்று கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். வாய் வறட்சி அதற்கு அடையாளமே அல்ல. 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரையிலான கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தொட்டதன் விளைவு அது, சிலருக்கு ஓரளவு மீளும், சிலருக்கு நிலைத்துவிடும். கழுத்தில் புதிய கட்டி, ஒரு பக்கக் காதுவலி, எச்சிலில் ரத்தம், விழுங்குவது வாரத்துக்கு வாரம் மோசமாவது ஆகியவையே நான் அஞ்சும் குறிகள். குழாய்க் கேமரா வழியாகத் தொண்டையைப் பார்க்கும்போது அந்தச் சந்தேகத்தையும் கேளுங்கள்.

யூடியூப் பார்த்துத் தேனும் எலுமிச்சையும் கொடுப்பதை நிறுத்துங்கள். உமிழ்நீர் இல்லாத வாயில் தேன் பல்லைச் சொத்தையாக்கும், எலுமிச்சை பல்லின் மேற்பூச்சை அரிக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பின் குனிந்து கொப்பளித்துத் துப்பட்டும். வாய் சுத்தமாக இருந்தால் நுரையீரலுக்கு இறங்கும் கிருமியும் குறையும். சொதி ஊற்றிக் குழையப் பிசைந்த சோறும், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களியும் வறண்ட வாயில் வழுக்கிச் செல்லும், புட்டும் முறுக்கும் உதிர்ந்து தங்கும். வெற்றிலை பாக்கு அறவே வேண்டாம். பல் ஆடினாலும் வலித்தாலும், கதிர்வீச்சு மருத்துவரைக் கேட்காமல் பிடுங்கிவிடாதீர்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் போவதுண்டு.