பக்கத்துத் தோட்டத்தில் கொட்டிய மழை கணக்கில் ஏன் வரவில்லை?

"சாயங்காலம் எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் நிரம்ப மழை. மறுநாள் செய்தியில் பொள்ளாச்சிக்கு 4 மி.மீ. என்கிறார்கள். அளவு தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பில்லைங்க. மழையை அளக்கும் கருவியான மழைமானி, அது நிற்கும் இடத்தில் விழுந்ததை மட்டும்தான் சொல்லும். கோடை இடிமழை ஒரு தோட்டத்தை நனைத்துவிட்டு அடுத்த தோட்டத்தைக் காய விட்டுவிடும். நம் பக்கம் மலையும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலைமேல் இருக்கும் வால்பாறை சின்னக்கல்லாரில் கொட்டித் தீர்க்கும்போது, கீழே சமவெளியில் இருக்கும் பல்லடத்தில் வெறும் காற்றுதான் அடிக்கும்.

நேரக் கணக்கும் உண்டு. ஒரு நாள் மழை என்பது முந்தின நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை. காலை 9 மணிக்குப் பெய்தது நாளைய கணக்கில்தான் சேரும்.

எனக்கு உண்மையான ஆசை, ஒவ்வொரு தோட்டத்துச் சாளையிலும் (தோட்ட வீட்டிலும்) ஒரு மழைமானி இருக்க வேண்டும் என்பது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தட்டையடி டப்பா போதும். தென்னை மட்டையிலிருந்து சொட்டும் நீர் விழாதபடி, மர உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் ஆடாமல் நட்டுவையுங்கள். காலையில் ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் 10 மி.மீ. கோட்டில் நின்றால், உங்கள் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் வந்திருக்கிறது. அப்புறம் அன்றைக்கு மோட்டார் போட வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.