கார் நாற்றை எந்தத் தேதியில் பாவுவது?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல், ஆற்றோரம் அரை ஏக்கர் வாழை. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளை எங்கள் தாத்தா வருசா வருசம் தினக்காலண்டர் தாளில் குறித்து வைப்பார். அதை வைத்துத்தான் இதுவரை கார் போகத்துக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் முதல் நெற்பயிருக்கு, நாற்றுப் பாவினோம். இப்போது எதுவும் ஒத்துவரவில்லை. 2023-இல் மழை இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் வாழை முழுக்க வெள்ளத்தோடு போனது. காலநிலை மாற்றம் என்கிறார்கள். அப்படியானால் இனி எதைப் பார்த்து விதைப்பது? அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். தகரக் கூரை. பங்குனி, சித்திரையில் தலை சுற்றுகிறது என்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஒன்று. அந்தக் காலண்டர் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தாமிரபரணிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் பெய்து பாபநாசம் அணையை நிரப்பும், அது காருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்யும், அது அடுத்த போகமான பிசானத்துக்கு. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று கைகொடுக்கும். ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பு, நாற்று, நடவு என்று தாத்தாவின் தேதிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்றன. அவர் தப்பாகக் குறிக்கவில்லை. அவர் குறித்த காலத்துக் கடல் இப்போது இல்லை.

1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்துவைக்கிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கமலை இறைத்ததை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். தண்ணீர் அள்ளுகிற ‘சால்’ என்ற வாளியைப் பெரிதாகப் பூட்டினால் அது நிறைந்து மேலே வர நேரம் பிடிக்கும். வந்துவிட்டால் வாய்க்கால் கரை உடைகிற மாதிரி கொட்டும். வானத்தில் இப்போது பூட்டியிருப்பது பெரிய சால். நிறையும் வரை வறட்சி, நிறைந்தால் வெள்ளம். நீங்கள் 2023-இல் பார்த்த இரண்டும் எதிரெதிர் விஷயங்கள் இல்லை.

இதனால்தான் ‘இந்த ஆண்டு சராசரி மழை பெய்துவிட்டது’ என்ற செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கும், வயலுக்கு உதவாது. பத்து நாள் அடைமழையாக வந்த 30 சென்டிமீட்டரும் ஒரே ராத்திரியில் வந்த 30 சென்டிமீட்டரும் ஆண்டுக் கணக்கில் ஒன்றுதான். முன்னது குளத்துக்குப் போகும், பின்னது கடலுக்கு. ஆகவே மொத்த மழையைவிட மழை நாட்களை எண்ணுங்கள். வானிலைத் துறை ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கும். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

2023 டிசம்பருக்கு வருவோம். அந்த ஆண்டு பசிபிக் கடலில் எல் நினோ, அதாவது அந்தக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. அது வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும், வடகிழக்கு வலுக்கும். கூடவே இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அதுவும் நம் பக்கத்து வடகிழக்கு மழைக்குச் சாதகம். இந்த நிலையில் குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி வந்து நகராமல் நின்றது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு ஏக்கரில் 62 சென்டிமீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 200 லோடுக்கு மேல். எந்த மடையும், குளத்து மிகைநீர் வழிகிற மறுகாலும் அதைத் தாங்காது.

அணையைத் திறந்துவிட்டதால்தான் எல்லாம் என்று டீக்கடையில் இன்றைக்கும் சொல்வார்கள். அணைத் தண்ணீரும் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அணைகளுக்குக் கீழே சமவெளியில் கொட்டியதையும், அடுத்தடுத்து உடைந்த குளங்களையும் அந்தப் பேச்சு மறந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: அது பெயர் வைத்த புயல் அல்ல. பெயர் வைத்தால்தான் ஆபத்து என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும்.

இந்த ஒரு வெள்ளத்தைக் காலநிலை மாற்றமே கொண்டுவந்தது என்று நான் கைநீட்டிச் சொல்ல மாட்டேன். 1992 நவம்பரிலும் தாமிரபரணி பெருவெள்ளம் கண்டதுதான். எல் நினோவும் புதிதில்லை. பழைய மாடு, பழைய கமலை. சால் மட்டும் பெரிதாகிவிட்டது.

சரி, கார் நாற்று. தேதியை விட்டுவிட்டு அணை மட்டத்தைப் பாருங்கள். நிறைந்தால் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. காருக்குப் பாபநாசத்தையும் அதன் பக்கத்துச் சேர்வலாறு அணையையும்தான் பார்க்க வேண்டும். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பியிருப்பது, ஆனியில் அதன் மட்டம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. ஜூன் பிறந்தும் மட்டம் ஏறவில்லை என்றால் பாவாதீர்கள். 25 நாளில் பிடுங்க வேண்டிய நாற்று தண்ணீருக்குக் காத்துக் காத்து 40 நாள் நாற்றாகிவிட்டால், நட்டாலும் தூர் கட்டாது. அதற்குப் பதில் மெல்லிய மண் படுக்கையில் பாய் மாதிரி நாற்று வளர்க்கிற பாய் நாற்றங்கால் போடுங்கள். 15 நாளில் நடவுக்குத் தயாராகும் என்பதால், அணை திறக்கும் அறிவிப்பு வந்த பிறகு பாவினால்கூடப் பெரிதாகப் பிந்திவிடாது. ரகத்துக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போதும். 110, 115 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

ஆடி பிறந்தும் தண்ணீர் வரவில்லையா? இங்கேதான் வீட்டில் சண்டை வரும், ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஆண்டு கார் நெல்லை விட்டுவிடுங்கள். கிணறு இருந்தால் உளுந்து போடுங்கள், 65, 70 நாளில் கைக்கு வரும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பிந்திய கார் தன்னோடு நிற்காது. அது ஐப்பசி மழையில் அறுப்புக்கு வந்து களத்தில் முளைக்கும். பிசான நடவைப் பின்னால் தள்ளும். அப்படித் தள்ளிய பிசானம் பூப்பதும் பால் பிடிப்பதும் மாசி, பங்குனி வெயிலில் மாட்டும். நெல் பூ முற்பகலில் விரிவது. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். ராத்திரியும் புழுங்கினால் இன்னும் மோசம். பகலில் பயிர் சேர்த்த உணவை ராத்திரியில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். மணி எடை குறையும். பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ராத்திரிப் புழுக்கத்தை யாரும் குறித்து வைப்பதில்லை.

பிசானத்தில் பயம் வெள்ளம். வெள்ளத்தில் மூழ்கி இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கிற ‘சப்-1’ ரகங்கள் இருக்கின்றன, சி.ஆர். 1009 சப்-1 நம் மாநிலத்தில் கிடைக்கிறது. சாதாரண நெல் மூழ்கினால் தலையை வெளியே நீட்டப் பார்த்துச் சத்தெல்லாம் இழந்து சாகும். இது வளர்வதை நிறுத்தி, இருக்கிற சத்தைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும். ஆனால் 150 நாளுக்கு மேல் எடுக்கிற ரகம். முன்கூட்டியே நட முடிகிற தாழ்ந்த வயலுக்கு மட்டும் பொருந்தும். பிந்தி நடுகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். எந்த ரகமானாலும் வெள்ளம் வடிந்த மறுநாளே யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். புது வெள்ளை வேர் தெரிந்த பிறகுதான் உரம்.

வாழைக்கு நான் சொல்லக் கூடியது குறைவு. இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகும் பயிர் அது, ஆழமான வடிகால் எடுங்கள். அப்புறம் பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் கார் நெல்லுக்கு 2 சதவீதம், பிசானத்துக்கு 1.5, வாழைக்கு 5. கடைசித் தேதி வரை காத்திருக்காமல் நட்ட உடனே கட்டுங்கள். ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள்: பெரும்பாலும் இழப்பை உங்கள் ஒரு வயலைப் பார்த்துக் கணக்கிடுவதில்லை, அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான். ஆற்றோரத்து நான்கு பேருக்கு மட்டும் போனால் அது கணக்கில் தெரியாமலே போகலாம். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, ஆனால் விதி அப்படி.

வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது? ‘இந்தப் பருவம் மழை கூடும்’ என்கிற நீண்டகாலக் கணிப்பை வைத்து நாள் குறிக்காதீர்கள். வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாவட்டவாரியாகச் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை தருகின்றன. அதில் அடுத்த ஐந்து நாள் கணிப்பு இருக்கும். உரம், மருந்து, அறுப்பு மூன்றையும் அந்த ஐந்து நாளுக்குள் அடக்குங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் மடையைத் திறந்து வைத்துவிட்டு, மோட்டாரை மேட்டுக்கு ஏற்றுங்கள். சிவப்பு என்றால் ஆற்றோரத்துக்குப் போகவே வேண்டாம்.

அம்மா விஷயம். நெல்லுக்குச் சொன்னதுதான் அவருக்கும். ராத்திரி வெப்பம் இறங்கவில்லை என்றால் உடம்பு தேறாமலே மறுநாள் வெயிலுக்குள் போகிறது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்லதுதான். ஆனால் வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் 40 டிகிரியாவது வர வேண்டும், அதுவும் நிழலில் காற்றோட்டமாக வைத்த வெப்பமானியில். தகரத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண் பொருந்தாது. பீடி சுற்றுகிறவர்கள் தூள் பறக்கும், இலை காயும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். தகரத்தின் மேல் தென்னங்கிடுகு வேயுங்கள், முடியாவிட்டால் மாசியிலேயே இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். உள்ளே வித்தியாசம் தெரியும், செலவும் அதிகமில்லை. சுற்றுகிற வேலையை விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றச் சொல்லுங்கள். கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமே என்பார், தெரியும். இருந்தாலும் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரையாவது வேப்பமர நிழலுக்கு வரட்டும். தாகம் எடுக்கும் முன்னே உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடிக்கட்டும். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், அல்லது உடம்பு கொதித்தும் வியர்வை நின்றுவிட்டால், அது வெப்பத் தாக்கு. உடனே உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அடிக்கடி தலை சுற்றுகிறது என்றால் ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாப் பழியையும் வெயில் மேல் போட வேண்டாம்.

இப்போது தாத்தாவின் தாள்கள். ஒரு நோட்டில் ஆண்டு வாரியாக எழுதுங்கள்: தண்ணீர் வந்த நாள், நடவு நாள், அறுப்பு நாள். தேதி எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வாய்க்காலுக்கு அதைவிட நல்ல ஆவணம் எந்த அலுவலகத்திலும் இருக்காது. கூடவே நீங்களும் தொடங்குங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் சாயாமல் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அதே நேரத்தில்தான். மழை பெய்யாத நாளில் 0 என்று போடுங்கள், விட்டுவிடாதீர்கள். காருக்கும் பிசானத்துக்கும் நடுவில் எத்தனை சுழி விழுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். பிசான அறுப்பு முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த காரை அதை வைத்துப் பேசுவோம்.