டிவியின் முதுகைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி டிவி அப்டேட் பற்றித்தான். பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். ‘எங்கள் டிவி 43 இஞ்ச், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது’ என்று எழுதினால் என்னால் ஊகிக்கத்தான் முடியும். டிவியின் முதுகில் ஒரு லேபிள் ஒட்டியிருப்பார்கள். அதில் உள்ள முழு மாடல் எண்ணை, கடைசியில் வரும் எழுத்துகளையும் விடாமல், எழுதி அனுப்புங்கள். சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பதால் எட்டவில்லையா? போனில் வீடியோவையும் டார்ச்சையும் போட்டு இடுக்கில் விட்டு எடுங்கள், படித்துவிடலாம். சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள், அது எனக்குத் தேவையில்லை.

கேள்வி: டிவி மெனுவில் பார்த்தால் ‘புதிய அப்டேட் இல்லை’ என்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் என் டிவியில் உள்ளதைவிடப் பெரிய பதிப்பு எண் இருக்கிறது. எதை நம்புவது? — நாமக்கல் வாசகர்

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். புது சாஃப்ட்வேரை ஒரே நாளில் எல்லா டிவிக்கும் தள்ளிவிடமாட்டார்கள். முதலில் கொஞ்சம் பேருக்குப் போகும், புகார் வராவிட்டால் மற்றவர்களுக்கு வரும். இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் பிரிட்டனில் சாம்சங் அனுப்பிய ஓர் அப்டேட்டால் அந்த ஆண்டுதான் வந்திருந்த புது மாடல்கள் பல முடங்கிப்போய், திருத்தம் வரும்வரை மக்கள் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சாத்தியம், நீங்கள் பார்த்த பக்கம் வேறு நாட்டுடையது. சாம்சங்கில் மாடல் எண் இங்கே ‘யுஏ’ என்று தொடங்கினால், அமெரிக்காவில் ‘யுஎன்’, ஐரோப்பாவில் ‘யுஇ’. நடுவில் உள்ள எண்கள் ஒன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே போர்டு (மின்சுற்றுப் பலகை) வேறாக இருக்கலாம். கூகுளில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கம்தான் முதலில் வந்து நிற்கும். அதனால் கம்பெனியின் இந்தியத் தளத்துக்குப் போய், ஆதரவுப் பகுதியில் முழு மாடல் எண்ணைத் தட்டித் தேடுங்கள்.

அதன் பிறகும் எண் வித்தியாசப்பட்டால், டிவியில் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இரண்டு வாரம் பொறுங்கள், தானாக வந்துவிடும். கோளாறு இருந்தால் மட்டும், தளத்திலிருந்து ஃபைலை இறக்கிப் பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகும் வழி.

கேள்வி: பென்டிரைவில் ஃபைலைப் போட்டுச் சொருகினேன். ‘ஃபைல் இல்லை’ என்கிறது டிவி. மூன்று பென்டிரைவ் மாற்றிப் பார்த்துவிட்டேன். — தஞ்சாவூர் வாசகி

பென்டிரைவில் தப்பு இருக்காது, உள்ளே வைத்த விதத்தில்தான் இருக்கும். பத்தில் எட்டுப் பேர் செய்வது, இறக்கிய ஜிப் ஃபைலை அப்படியே காப்பி செய்வது. டிவிக்கு ஜிப்பைப் பிரிக்கத் தெரியாது. கணினியில் பிரித்து உள்ளே இருப்பதைப் போடுங்கள், பெயரை மாற்றாமல். ஒரே ஃபைலை இரண்டு தடவை இறக்கினால் கணினி பெயரின் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண் சேர்த்துவிடும். அதற்கே சில டிவிகள் முரண்டு பிடிக்கும்.

அடுத்தது ஃபார்மேட், அதாவது பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை. ஃபேட்32 என்பதே எல்லா டிவிக்கும் ஒத்துவரும். 64 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் வழக்கமான முறையில் ஃபார்மேட் செய்யப் போனால் ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாது. அதற்கு மல்லுக்கட்டுவதைவிட வீட்டில் எங்காவது கிடக்கும் பழைய 8 ஜிபி பென்டிரைவைத் தேடி எடுங்கள்.

அப்புறம் இடம். எல்ஜி டிவிக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எல், ஜி, அடிக்கோடு, டி, டி, வி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர் வைத்து அதற்குள் ஃபைலைப் போட வேண்டும். சாம்சங்கில் பிரித்தால் என்ன வருகிறதோ அதை வெளியிலேயே வைக்க வேண்டும், நீங்களாக ‘அப்டேட்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒளித்துவைக்கக் கூடாது. மற்ற கம்பெனிகளுக்கு, ஃபைலோடு ஒரு குறிப்பும் தளத்தில் இருக்கும், இறக்கும்போதே அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: அப்டேட் 60 சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது கம்பெனி லோகோவோடு நிற்கிறது. டிவி அவ்வளவுதானா? — விருதுநகர் வாசகர்

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அப்டேட்டில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் இணையத்திலிருந்து இறக்குவது, இதில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. அடுத்தது நினைவகச் சிப்பில் எழுதுவது, ஆபத்து இங்கேதான். அதிலும் பல புது டிவிகளில் சாஃப்ட்வேரை இரண்டு பிரதியாக வைத்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிரதியைத் தொடாமல் மற்றதில் எழுதுவார்கள், பாதியில் நின்றால் பழைய பிரதி கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த வசதி இது. எல்லா டிவியிலும் கிடையாது என்பதுதான் சோகம்.

முதலில் லோகோவோடு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். அசையவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, எச்டிஎம்ஐ, யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் கழித்துச் சொருகுங்கள். சில ஆண்ட்ராய்டு டிவிகளில், டிவியின் உடம்பில் உள்ள பவர் பொத்தானை (ரிமோட்டில் அல்ல) அழுத்திப் பிடித்தபடி பிளக்கைச் சொருகினால் ரெக்கவரி மெனு வரும். சில டிவிகள் உயிர் வரும்போதே பென்டிரைவில் தன் ஃபைல் இருக்கிறதா என்று தேடும். சரியான ஃபைலோடு அதையும் ஒரு தடவை முயன்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘போர்டை மாற்றாமல் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்க முடியுமா?’ போர்டிலிருந்து நினைவகச் சிப்பைக் கழற்றி, புரோகிராமர் என்ற சிப் எழுதும் கருவியில் வைத்து, நல்ல டம்ப் (வேறு நல்ல டிவியின் சிப்பிலிருந்து எடுத்த சாஃப்ட்வேர் நகல்) எழுதித் திரும்ப ஒட்டும் வேலை இது. ஆர்டி809எச் புரோகிராமர் வைத்திருக்கும் கடைகள் இப்போது மாவட்டத் தலைநகரங்களில் நிறைய வந்துவிட்டன. லோகோ வருகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் பவர் போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். போர்டையே மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த தடவைக்கு ஒன்று. வீட்டில் இன்வெர்டர் இருந்தாலும் டிவி பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் அதில் இருக்கும். இன்வெர்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பில் டிவி அணைந்து மறுபடி ஆன் ஆகக்கூடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கும் நாளில் அப்டேட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: கம்பெனி பெயர் இல்லாத டிவி, உள்ளூர்க் கடையில் வாங்கியது. ரொம்ப மெதுவாக இருக்கிறது. டெலிகிராம் குழுவில் இதே போர்டுக்குப் புது சாஃப்ட்வேர் என்று ஒரு ஃபைல் கிடைத்தது. போடலாமா? — ஈரோடு வாசகர்

வேண்டாம். ஏன் என்பதற்கு நான் பட்ட பாட்டையே சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், இப்படி அசெம்பிள் செய்த 32 இஞ்ச் டிவி ஒன்று கடைக்கு வந்தது. போர்டின் மேல் அச்சடித்த எண்ணும் என்னிடம் இருந்த ஒரு டம்ப்பின் எண்ணும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சந்தோஷமாக எழுதினேன். டிவி உயிர் பெற்றது, படமும் வந்தது, தலைகீழாக! மெக்கானிக்குகளுக்கான சர்வீஸ் மெனுவுக்குள் போய் படத்தைத் திருப்பிவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தால், ரிமோட் வேலை செய்யவில்லை. எந்த ரிமோட்டுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதும் அந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது. கடைசியில், டம்ப் எந்த டிவியிலிருந்து எடுத்ததோ அந்த வீட்டைத் தேடிப் போய், அவர்கள் சீரியல் பார்த்து முடிக்கும்வரை வாசலில் காத்திருந்து, ரிமோட்டை இரவல் வாங்கி வந்து சரிசெய்தேன். பழைய டம்ப்பை முதலில் படித்துச் சேமித்து வைத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை. அன்றிலிருந்து சேமிக்காமல் எழுதுவதில்லை.

நான் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த டிவிகளில் ஒரே யுனிவர்சல் போர்டைப் பத்து விதமான பேனலோடு, அதாவது திரையோடு, இணைக்கிறார்கள். பேனலின் ரெசல்யூஷன், சிக்னல் வகை எல்லாம் ஃபைலுக்குள் எழுதப்பட்டிருக்கும். பேனலுக்குப் போகும் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா, 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பதைப் பல போர்டுகளில் ஜம்பர் என்ற ஒரு குட்டி இணைப்பு முடிவு செய்யும். போர்டு எண் பொருந்தினால் போதாது, பேனலின் பின்னால் உள்ள ஸ்டிக்கர் எண்ணும் பொருந்த வேண்டும். அதைப் பார்க்க டிவியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆகவே நீங்கள் திறக்காதீர்கள்.

மெதுவாக ஓடுவதற்கு மருந்து பெரும்பாலும் வேறு. பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள், மிச்சமிருப்பவை சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகத் தகவலை (கேஷ்) அழியுங்கள். போதவில்லையா, யூடியூப் போன்ற ஆப்களைத் தானே ஓட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐயில் சொருகிவிட்டு இந்த டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: 2011-இல் வாங்கிய சாம்சங் ஸ்மார்ட் டிவி. படம் இன்றும் அருமை. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் வருவதில்லை. எந்த அப்டேட் போட வேண்டும்? — காரைக்குடி வாசகர்

அப்படி ஒரு அப்டேட் கிடையாது. யூடியூப் 2015 ஏப்ரலில் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது 2012 வரை வந்த பல டிவிகளில் அந்த ஆப் நின்றது. நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பர் 1-ஆம் தேதி சாம்சங்கின் 2010, 2011 மாடல்கள் சிலவற்றைக் கைவிட்டது. படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்க அவை நம்பியிருந்த பழைய பூட்டு முறையின் காலம் முடிந்துவிட்டது. ‘இதற்கு நான் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன், 1,500 ரூபாய்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஸ்டிக் வாங்குங்கள்.

கேள்வி: எது கெட்டாலும் ‘ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்’ என்கிறார்கள். அதுதான் முதல் வழியா? — புதுச்சேரி வாசகி

கடைசி வழி. 2025 மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் (டிவியில் சொருகி இணையப் படம் பார்க்கும் கருவி) இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் மக்கர் செய்தன. உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் பத்து வருஷம் முடிந்து காலாவதியாகியிருந்தது. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுள் சொல்வதற்குள் பலர் செய்துவிட்டார்கள். சும்மா இருந்தவர்களுக்குச் சில நாளில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. ரீசெட் செய்தவர்களுக்குத் திரும்ப அமைப்பதே தகராறு. ஒரே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கும் அதே நாளில் அதே கோளாறு என்றால், தப்பு உங்கள் வீட்டில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

கேள்வி: 2,500 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினேன். ‘பாதுகாப்பு அப்டேட்’ என்று ஏதோ தளத்துக்குப் போய் ஏபிகே (ஆப் நிறுவும் ஃபைல்) இறக்கச் சொல்கிறது. — திருநெல்வேலி வாசகர்

இறக்காதீர்கள். முடிந்தால் அந்த பாக்ஸையே வைஃபையிலிருந்து கழற்றிவிடுங்கள். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், 197 நாடுகளில் ஏறக்குறைய 13 லட்சம் டிவி பாக்ஸ்களில் ஒரே தீநிரல் புகுந்திருப்பதாக வெளியிட்டது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இப்படிப்பட்ட பாக்ஸ்கள் பற்றி மக்களை எச்சரித்தது. சில பெட்டிகளில் தீநிரல் தொழிற்சாலையிலிருந்தே வந்துவிடுகிறது, சிலவற்றில் வாங்கிய பின் இந்த மாதிரி ஆப் வழியாக நுழைகிறது. உங்கள் இணைய இணைப்பை வேறு யாரோ தங்கள் திருட்டு வேலைக்குப் பயன்படுத்துவார்கள், உங்களுக்குப் படம் மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும். உண்மையான ஆண்ட்ராய்டு டிவி பிராண்டுகளின் பட்டியலைக் கூகுளே தன் தளத்தில் போட்டிருக்கிறது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு முகப்பில் விளம்பரம் அதிகம். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா? — சேலம் வாசகர்

அநேகமாக முடியாது. பழைய ஃபைலைக் கொடுத்தாலும் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு டிவி ஏற்காது, பாதுகாப்புக்காக அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். தனியுரிமை அமைப்பில் விளம்பரம் தொடர்பாக என்னென்ன அணைக்க முடியுமோ அணைத்துப் பாருங்கள், கொஞ்சம் குறையும்.

கேள்வி: டிடிஎச் செட்டாப் பாக்ஸுக்கும் பென்டிரைவில் அப்டேட் போட வேண்டுமா? — கோவில்பட்டி வாசகி

தேவையில்லை. அதற்குச் சாட்டிலைட் சிக்னலோடேயே வந்துவிடும். திரையில் ‘அப்டேட் ஆகிறது’ என்று ஓடும்போது மட்டும் சீரியல் போகிறதே என்று சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.