கார் ஏர்கான் ஃபில்டர் மாற்றியும் புளிச்ச வாடை போகலையா?

வணக்கம் சகோ. காருக்குப் புது ஏர்கான் ஃபில்டர் போட்டு ஒரு வாரம் ஆகியும் காலையில் ஏர்கான் போட்டதும் ஊறின துணி மாதிரி வாடை வருதுன்னு எழுதியிருக்கீங்க. குறை ஃபில்டரில் இல்லை. அதைத் தாண்டி உள்ளே இருக்கிற கூலிங் காயிலில் (காற்றைக் குளிர வைக்கிற பாகம்) ஈரம் தங்கி பூஞ்சை பிடிச்சிருக்கும். நம்ம சிங்கப்பூர் புழுக்கத்துக்கு அது சீக்கிரமே வந்துடும்.

இனிமேல் வீட்டை நெருங்குற கடைசி அஞ்சு நிமிஷம் ஏசி பட்டனை மட்டும் அணைச்சிட்டு, விசிறியை வேகமா ஓட விடுங்க. அந்தக் காயில் ஈரமில்லாம உலரணும், அதுதான் முக்கியம். பழைய வாடை போக, காயிலுக்கான நுரை ஸ்ப்ரே வாங்கி அடிக்கலாம்.

முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற கிளவ் பாக்ஸை இன்னொரு முறை கழற்றி, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஃபில்டரோட அம்புக்குறி காற்று போற திசையில் இருக்கான்னும் பாருங்க. பழைய ஃபில்டரில் அழுக்கு அப்பியிருந்த பக்கம்தான் காற்று நுழையுற பக்கம். என் வண்டி திறந்தவெளி கார்பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். ஃபில்டரை உருவினப்போ மடிப்புக்கு மடிப்பு பொடி இலை, ஈரத்தோட. வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடையையும் துடைச்சிடுங்க, அங்கிருந்துதான் உள்ளே இறங்குது.

இவ்வளவும் செஞ்சு, முன்சீட்டுக் கால்விரிப்பு நனைஞ்சிருந்தா ஏர்கான் தண்ணி வெளியே போற குழாய் அடைச்சிருக்கலாம். அதை மட்டும் வொர்க்‌ஷாப்பில் காட்டிடுங்க.