கார் நின்றிருக்கும்போது ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்குவது ஏன்?

சிக்னலில் நிற்கும்போது முள் 600க்கும் 1200க்கும் இடையே ஆடுகிறது என்கிறீர்கள். சூடான பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 650–900க்குள் நிலையாக நிற்க வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் வேக்குவம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக சென்சார் அளக்காத காற்று உள்ளே போனாலே இப்படித்தான் ஆகும், ‘உஸ்’ சத்தமும் கேட்கலாம். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் இன்னும் எளிது: ஃப்யூல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலில் +15, +20 என்று நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கசிவு இல்லை என்றால் அப்புறம் த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம். அதற்குள் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கும். அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டைக் கையால் தள்ளவே கூடாது. துடைத்தபின் சில கார்களில் ஐடில் ரீலேர்ன் (கணினிக்கு ஐடில் அளவை மறுபடி பழக்குவது) செய்ய வேண்டியிருக்கும்.