சொந்த போனில் ஆபீஸ் செயலி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

மெயிலுக்கும் வருகைப் பதிவுக்கும் உங்கள் சொந்த போனில் கம்பெனி ஒரு செயலி போடச் சொல்கிறது, போட்டால் வாட்ஸாப், போட்டோ எல்லாம் அவர்களுக்குத் தெரியுமா, மறுத்தால் வேலைக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். ப்ரொபேஷனில் இருப்பவர்கள்தான் ஹெச்.ஆர். மெயிலை முழுதாகப் படித்துப் பயப்படுவார்கள். பழைய ஆட்கள் திறப்பதே இல்லை.

நான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நடுத்தர ஐ.டி. கம்பெனியில் பல வருஷம் சிஸ்டம் அட்மினாக, அதாவது கம்ப்யூட்டர், சர்வர், லாகின் எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆளாக இருந்தவன். ஊழியர்களின் தகவல் எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்கிற, நீங்கள் பயப்படுகிற டாஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடி பதில்: செயலியை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் ‘ஒர்க் ப்ரொஃபைல்’ என்று ஒன்று இருக்கிறது, ஒரே போனில் ஆபீஸ் செயலிகளுக்கென்று தனியாக ஒதுக்கிய பக்கம். அதில் போட்டால் ஆபீஸ் செயலிகளின் ஐகானில் சின்னதாக ஒரு பெட்டி தெரியும். கம்பெனி அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்க்க முடியும், அழித்தாலும் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும். போன் என்ன மாடல், என்ன வெர்ஷன் என்பது தெரியும். உங்கள் வாட்ஸாப், குடும்பப் படங்கள், ஜிபேயில் யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பதெல்லாம் தெரியாது. வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தையே நிறுத்திவைக்கலாம், நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. ஆனால் செயலி போடும்போது ‘டிவைஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று போன் முழுவதன் மேலும் அதிகாரம் தரும் அனுமதி கேட்டு, அதற்குக் கீழே ‘எல்லாத் தரவையும் அழிக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். நீங்கள் வேலையை விட்ட அன்று யாரோ ஒரு அட்மின் தப்பான பட்டனை அழுத்தினால் உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும் சேர்ந்து போகும்.

கம்பெனி லேப்டாப் வேறு கதை. அதில் எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்து வேறு கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

இப்போது என் கதை. கொரோனா அடங்கி, பாதி நாள் வீடு பாதி நாள் ஆபீஸ் என்று ஆனபோது எங்கள் மேலிடம் ஒரு கண்காணிப்பு மென்பொருள் வாங்கியது. கீபோர்டு, மவுஸ் அசைகிறதா, எந்த விண்டோ திறந்திருக்கிறது என்று பார்ப்பது, இடையிடையே ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது. கூடவே போனில் லொகேஷனோடு அட்டெண்டன்ஸ். வாங்கும்போது சொன்ன காரணம் கிளையன்ட் டேட்டா பாதுகாப்பு. அதில் எனக்கு மறுப்பு இல்லை. கிளையன்ட் டேட்டா வெளியே போனால் முதலில் மாட்டுவது என்னைப் போன்ற அட்மின்தான்.

ஒருநாள் ஒரு மேனேஜர் என் சீட்டுக்கே வந்தார். அவர் டீமில் ஒரு பெண் சிக் லீவில் இருந்தார். “எங்க இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார், குரலைத் தாழ்த்தி. பார்க்க முடியும். லொகேஷனை ‘எப்போதும்’ என்று அனுமதித்தவர்களின் கடைசிப் புள்ளி மேப்பில் நிற்கும். நான் சொன்னேன்: “ஒரு மெயில் போடுங்க சார், ஹெச்.ஆரை சிசியில வைங்க, எடுத்துத் தர்றேன்.” “இதுக்கெல்லாமா மெயில்? உங்கள நம்பிக் கேக்கறேன்” என்றார். மெயில் வரவில்லை, நானும் எடுத்துத் தரவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் ‘வெளிப்படைத்தன்மை’ என்ற பெயரில் எல்லா மேனேஜர்களுக்கும் டாஷ்போர்டு லாகின் கொடுக்கச் சொல்லி ஆர்டர் வந்தது. எழுத்தில் வந்த ஆர்டர், கொடுத்தேன். அதற்கப்புறம் யாரும் என் சீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. நான் சொல்ல வருவது இதுதான். ‘கம்பெனி பார்க்கும்’ என்று பயப்படுகிறீர்கள். கம்பெனிக்கு ஏது நேரம்? பார்ப்பது உங்கள் மேலே இருக்கிற, உங்களோடு ஏற்கனவே ஒரு உரசல் உள்ள ஒரு ஆள். டேட்டா பாதுகாப்புக்கு என்று எடுத்த தகவல் அப்ரைசல் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இது நம் ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் ஹெச்&எம் என்ற துணிக்கடை நிறுவனத்தின் சேவை மையத்தில், லீவு முடிந்து வந்தவர்களோடு மேலதிகாரிகள் சும்மா பேசுவதுபோல் பேசி, நோய், குடும்பச் சண்டை, மத நம்பிக்கை வரை குறித்து வைத்திருந்தார்கள். ஐம்பது மேலதிகாரிகள் வரை அதைப் படிக்க முடிந்தது. 2019-ல் ஒரு கான்ஃபிகரேஷன் தவறால் அந்தக் கோப்புகள் சில மணிநேரம் கம்பெனி முழுக்கத் திறந்து கிடந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. 2020 அக்டோபரில் 3.53 கோடி யூரோ அபராதம். மைக்ரோசாஃப்ட் கூட அதே வருஷம் ‘ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து, யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட் செய்தார் என்று பெயரோடு காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பரில் பெயர்களை எடுத்துவிட்டது. இதை என் மேலாளரிடம் காட்டினேன். “அது அமெரிக்கா” என்றார்.

சட்டத்தைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், வேலை தொடர்பான காரணங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். அதனால் ‘கேஸ் போடு’ என்று கமெண்டில் வீரம் பேசுபவர்களை நம்பி இறங்காதீர்கள். ‘மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்’ என்று எழுத வருகிறவர்கள் முதலில் அவர்களுடைய சம்பள ஸ்லிப்பை இங்கே போடட்டும், அப்புறம் பேசலாம்.

எனக்கு அந்த வருஷம் அப்ரைசலில் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று வந்தது. யார் எழுதியது என்று சொல்லத் தேவையில்லை. பொதுவாகவே அட்மினுக்கு ஐ.டி. கம்பெனியில் மரியாதை கிடையாது. டெவலப்பருக்கு பிரியாணி பார்ட்டி, எங்களுக்கு ராத்திரி சர்வர் விழுந்தால் போன். முறைப்படி டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, போட மாட்டார்கள், தோளைத் தட்டிக் கூப்பிடுவார்கள். ஒரு டைரக்டர் வீட்டு வைஃபை வேலை செய்யவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி வரை போயிருக்கிறேன். பெட்ரோல் காசு கேட்டால் ‘பில் இருக்கா’ என்றார்கள். சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

மறுத்தால் வேலை போகுமா என்றால், ‘மறுக்கிறேன்’ என்ற வார்த்தையையே எழுதாதீர்கள். கம்பெனி போன் கொடுத்தால் அதில் போட்டுக்கொள்கிறேன், இல்லையென்றால் ஒர்க் ப்ரொஃபைலில் மட்டும் போடுகிறேன், என்னென்ன தகவல் எடுக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் யாருக்கு லாகின் இருக்கிறது என்று தெரிவியுங்கள் என ஹெச்.ஆருக்குப் பணிவாக ஒரு மெயில் போடுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் லொகேஷனுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசிக் கேள்விக்கு ஹெச்.ஆரிடம் பதில் இருக்காது, ஐ.டி. டீமுக்கு அனுப்புவார்கள், அங்கே என்னைப் போல் ஒருவன் அதைப் படித்துவிட்டு உங்களை மனதுக்குள் பாராட்டுவான். பதில் வர நாளாகும். அதுவரை வாசலில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள், அந்த மெஷினை இன்னும் யாரும் கழற்றவில்லை.