நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால்?

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு பேச்சு இல்லை. கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறான். டாக்டர் ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார். ஸ்பீச் தெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வரச் சொல்கிறார், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைப் பழக்குபவர்) அதற்கு முன் தன்னிடம்தான் வர வேண்டும் என்கிறார். அங்கன்வாடி டீச்சர், ஓர் இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று குறைப்படுகிறார். மாமியாரோ ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, போளூர்

பதில்: மாமியார் சொல்வதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். மூன்றரை வயதில் இரண்டே சொல் என்றால் பொறுத்துப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது. மற்றவர்கள் யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஆளுக்கொரு பக்கம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே இல்லை, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்பிக்கிற வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதை முதலில் இறக்கிவையுங்கள்.

காது பார்த்தாயிற்றா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. கை தட்டினால் திரும்புகிறான் என்பதெல்லாம் கணக்கில் வராது. காது கேட்கிறதா என்று பார்க்க பெரா என்று ஒரு சோதனை உண்டு, குழந்தை தூங்கும்போது தலையில் சின்னச் சின்ன எலக்ட்ரோடு ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. காதில் குறை இருந்தால் கருவி மாட்டாமல் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீண். கடுமையான குறை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை மூலம் உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது, செய்ய வழி இருக்கிறது, அதற்கு ஆறு வயது வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், மாவட்ட அரசு மருத்துவமனையில் டிஇஐசி (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று விசாரியுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்கிற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருகிற மையம் அது, வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவுவது அதன் வேலை. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சு, காது பார்ப்பவர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. எல்லா ஊரிலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்காது, இருந்தாலும் போங்கள். இதுவரை வாங்கிய சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். போனில் அவன் சாப்பிடுவது, விளையாடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதையும் வீடியோ எடுத்துப் போங்கள். புது இடத்தில் அழுதுகொண்டே இருக்கிற பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது.

அங்கே கூச்சப்படாமல் கேட்க வேண்டியது இதுதான்: “எங்களுக்கு ஒரே திட்டமா எழுதிக் கொடுங்க, அதை யார் பார்த்துக்குவாங்கன்னு சொல்லுங்க.” உதாரணமாக, தாகம் எடுத்தால் உங்கள் கையைப் பிடித்து இழுக்காமல் டம்ளரைக் காட்டி ‘தண்ணி’ என்று கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்குள். ஸ்பீச் தெரபிஸ்ட் அந்தச் சொல்லைப் பழக்குவார், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனிக்கப் பழக்குவார், அங்கன்வாடியில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் டம்ளர் படம் ஒட்டியிருக்கும், வீட்டில் நீங்கள் உடனே ஊற்றிக் கொடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருப்பீர்கள். மூன்று மாதம் கழித்து வந்ததா இல்லையா என்று எல்லாரும் பார்ப்பார்கள், வராவிட்டால் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். ஆட்டிசம் உறுதியாகட்டும் என்று இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி இருக்கிறாள். வட்டார வள மையத்தில் பிசியோதெரபி நாளில் அவளுக்குப் பாடம் போய்விடுகிறது. நான் என்ன செய்யலாம்?
- அரசுப் பள்ளி ஆசிரியை, திண்டிவனம்

பதில்: வள மையச் சிறப்பாசிரியரைப் பள்ளிக்கே வரச் சொல்லிக் கேளுங்கள், பிசியோதெரபிஸ்டும் வந்தால் இன்னும் நல்லது, அம்மாவையும் கட்டாயம் கூப்பிடுங்கள். பெஞ்சில் எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையில் எழுத வசதி, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும் என்று அவர்கள் உங்களுக்குக் காட்டிக் கொடுத்தால், பயிற்சியில் ஒரு பகுதி வகுப்பிலேயே நடந்துவிடும். மையத்துக்குப் போகிற நாளை மாற்ற முடியாவிட்டால், அன்றைக்குக் கணக்குப் பாடம் வராதபடி உங்கள் கால அட்டவணையையாவது மாற்றிவையுங்கள்.